உண்ட வீட்டுக்கு இரண்டகமா?

ஒரு காரியாலயம். அங்கே ஒரு குமாஸ்தா. கணக்கைப் புரட்டும்போது ஒரு ரசீது அவர் கண்ணில் படுகிறது. வந்து சேராத சரக்குக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது. கையெழுத்துப் போட்டிருப்பவர் அவருடைய மேலதிகாரி. குமாஸ்தா என்ன செய்வார்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும். காலாகாலத்தில் உயர்வும் வரும். வாயைத் திறந்தால் வருவது வேறு. முதலில் ஒரு மெமோ வரும். பிறகு தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றல் வரும். இரண்டுக்கும் முன்னால், கூட வேலை பார்ப்பவர்களின் வாயிலிருந்து ஒரு சொல் வரும்: "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன்!"

மெமோவுக்குப் பதில் எழுதிவிடலாம். மாற்றலுக்குப் பெட்டியைக் கட்டிவிடலாம். அந்தச் சொல்லுக்குத்தான் மனிதர்கள் அஞ்சுகிறார்கள். மானமுள்ளவன் மற்ற எதையும் பொறுத்துக்கொள்வான். நன்றி கெட்டவன் என்ற பெயரைப் பொறுக்கமாட்டான். முறைகேடு செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய முதல் கேடயம் அந்தச் சொல்தான்.

ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அவர் உண்டது யாருடைய வீட்டில்?

யாருடைய உப்பு?

சர்க்கார் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பவர் மேலதிகாரி அல்ல. மேலதிகாரியும் அதே கஜானாவில்தான் சம்பளம் வாங்குகிறார். அந்தக் கஜானாவை நிரப்புகிறவன் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கொடுக்கிற ஏழை. கம்பெனி ஊழியரானால், அங்கே பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். சரக்கை நம்பி வாங்குகிறவர்கள் வாடிக்கைக்காரர்கள். அவர்களுடைய உப்பைத் தின்றுவிட்டு, அவர்களை ஏமாற்றுகிறவரின் குற்றத்தை மூடி மறைப்பதுதான் இரண்டகம். வெளியே சொல்வது இரண்டகம் அல்ல. அதுதான் செஞ்சோற்றுக் கடன்.

இந்த வழக்கு தமிழ் நாட்டுத் திண்ணைகளுக்குப் புதிதல்ல. கும்பகர்ணன் பெரியவனா, விபீஷணன் பெரியவனா என்று பட்டிமன்றம் போடாத ஊர் உண்டா? அந்தப் பட்டிமன்றங்களில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விபீஷணன் எடுத்த எடுப்பிலேயே எதிர் முகாமுக்குப் போகவில்லை. முதலில் அண்ணனிடமே சொன்னான். சபை நடுவே முகத்துக்கு நேராகச் சொன்னான். செவி சாய்க்கவில்லை. மேலும் சொன்னான். விரட்டப்பட்டான். அதன் பிறகுதான் வெளியேறினான். கும்பகர்ணனும் செய்தது தவறு என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தவறுக்காகவே உயிரைக் கொடுத்தான்.

உலகெங்கும் முறைகேட்டை அம்பலப்படுத்தியவர்களின் கதை பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் உள்ளே சொல்கிறார்கள். கேட்பாரில்லை. பிறகு வெளியே சொல்கிறார்கள். உடனே துரோகி ஆகிறார்கள். இங்கிலீஷில் இவர்களை 'விசில் ஊதுகிறவர்கள்' என்பார்கள். பந்தாட்டத்தில் தவறு நடந்தால் ரெபரி விசில் ஊதுகிறார், ஆட்டம் நிற்கிறது. காரியாலயத்தில் மட்டும் ஆட்டம் நிற்பதில்லை. ஊதியவரைத்தான் மைதானத்தை விட்டு வெளியேற்றுகிறார்கள்.

உண்மை சொன்னவரின் கதி

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். எர்னஸ்ட் பிட்ஜெரால்டு என்பவர் அந்நாட்டு விமானப்படையில் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். ராணுவத்துக்காக சி-5ஏ என்ற பிரம்மாண்டமான சரக்கு விமானத்தை ஒரு கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது. 1968-ம் ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் கமிட்டி அவரைச் சாட்சி சொல்ல அழைத்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டிவிட்டதா என்று கேட்டார்கள். ஆம் என்றார். சுமார் 200 கோடி டாலர் வரை தாண்டக்கூடும் என்பது வெளியாயிற்று.

அவர் இரகசியத்தை விற்கவில்லை. அன்னியருக்குச் சேதி அனுப்பவில்லை. மக்களின் பிரதிநிதிகள் கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளில் பலன் கிடைத்தது. அவருக்கு அதற்குச் சற்று முன்புதான் உத்தியோகம் நிரந்தரமாகியிருந்தது. அது கம்ப்யூட்டர் செய்த தவறு என்று ஒரு கடிதம் வந்தது, நிரந்தரம் பறிபோயிற்று. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள ஆயுதக் கணக்குகளைப் பார்த்து வந்தவருக்குப் புதிய பணி கொடுத்தார்கள்: தாய்லாந்தில் ராணுவத்தாரின் பொழுதுபோக்குக்காகக் கட்டிய பந்து உருட்டும் கூடத்தின் செலவைப் பார்த்து வருவது! ஆளை நீக்காமலே அவமானப்படுத்துவது என்றால் இதுதான். கடைசியில் 1970-ம் ஆண்டு ஜனவரியில், சிக்கனத்துக்காக ஆட்குறைப்பு என்று சொல்லி அவருடைய பதவியையே எடுத்துவிட்டார்கள். வீண் செலவைச் சுட்டிக் காட்டியவரைச் சிக்கனத்தின் பெயரால் வீட்டுக்கு அனுப்பினார்கள்!

அப்போது ஜனாதிபதி நிக்ஸனின் மாளிகையில் ஓர் உதவியாளர் எழுதிய குறிப்பு பிற்பாடு வெளியாயிற்று. செலவுக் கணக்கில் பிட்ஜெரால்டு கெட்டிக்காரர்தான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் விசுவாசத்தில் அவருக்கு மார்க்கு குறைவு, விசுவாசம்தானே முக்கியம் என்றது. பார்த்தீர்களா? வாஷிங்டனிலும் அதே பல்லவிதான்: உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

யார் நிரூபிப்பது?

பிட்ஜெரால்டு விடவில்லை; வழக்காடினார். 1973-ல் சிவில் சர்வீஸ் கமிஷனின் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். ஆட்குறைப்பு என்பது சாக்கு. அந்த மனிதர் மேலிருந்த சொந்தக் காரணங்களால்தான் நீக்கினார்கள். ஆகவே நீக்கியது செல்லாது என்றார். ஆனால் காங்கிரசில் சாட்சி சொன்னதற்காகவே பழிவாங்கினார்கள் என்பது போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பழிவாங்குகிறவர் எவரும் "உன்னைப் பழிவாங்குகிறேன்" என்று உத்தரவில் எழுதுவதில்லை. நிர்வாக வசதி என்று எழுதுவார்; ஆட்குறைப்பு என்று எழுதுவார்; வேலைத்திறன் போதாது என்று எழுதுவார். பைல்கள் எல்லாம் அவர் பீரோவில். சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாம் அவருக்குக் கீழே. வேலையிழந்தவர் கையில் என்ன இருக்கிறது? ஓர் உத்தரவுக் காகிதம். நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் வைத்தால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அமெரிக்கா இதைத் தெரிந்துகொள்ள நாளாயிற்று. 1989-ல் அங்கே நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் பாரத்தை மாற்றி வைத்தது. தாம் உண்மையை வெளியிட்டது இந்த நடவடிக்கைக்கு ஒரு காரணமாக இருந்தது என்று ஊழியர் காட்டினால் போதும். அதன் பிறகு, வெளியிடாமல் இருந்திருந்தாலும் இதே நடவடிக்கையை எடுத்திருப்போம் என்பதை இலாகாதான் தெளிவான, நம்பத்தக்க சான்றுடன் நிரூபிக்கவேண்டும். 2019-ல் ஐரோப்பிய யூனியன் வகுத்த விதியும் பாரத்தை முதலாளி பக்கமே வைக்கிறது. பிரிட்டன் 1998-லேயே தனியார் கம்பெனித் தொழிலாளிகளையும் சேர்த்துச் சட்டம் செய்துவிட்டது.

பிட்ஜெரால்டுக்குப் பழைய பொறுப்புகள் முழுவதும் திரும்பக் கிடைத்தது 1982-ல்தான். அதே ஆண்டில், ஜனாதிபதி பதவியின் பேரில் செய்த காரியத்துக்காக அவர்மீது நஷ்ட ஈட்டு வழக்கு நிற்காது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிட்ஜெரால்டு வென்றார், ஆனால் வெல்வதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. வழக்கு நடக்கும் பன்னிரண்டு ஆண்டும் பால்காரனும் பள்ளிக்கூடமும் காத்திருப்பார்களா?

பழைய தீர்மானம்

இத்தனைக்கும் அந்த நாட்டுக்கு இது புது ஞானம் அல்ல. சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1777-ம் ஆண்டிலேயே 'வாரன்' என்ற போர்க் கப்பலிலிருந்து பத்துப் பேர் தங்கள் கடற்படைத் தளபதி ஈசெக் ஹாப்கின்ஸ் மேல் புகார் எழுதினார்கள். சிறைப்பட்ட பிரிட்டிஷ் மாலுமிகளை அவர் கொடுமையாக நடத்துகிறார் என்பது புகார்களில் ஒன்று. எதிரிக்கு நடந்த அநியாயத்தையும் அநியாயம் என்றார்கள்.

தளபதி பதவி இழந்தார். ஆனால் புகார் செய்தவர்களில் சாமுவேல் ஷா, ரிச்சர்டு மார்வன் என்ற இருவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். இருவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் காங்கிரசுக்கு முறையிட்டார்கள். காங்கிரஸ் என்ன செய்தது? 1778-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஒரு தீர்மானம் போட்டது. நாட்டின் ஊழியத்தில் உள்ளவர்கள் செய்யும் மோசடியையும் முறைகேட்டையும் தாமதமின்றித் தெரிவிப்பது ஒவ்வொருவருடைய கடமை என்றது. அதோடு நிற்கவில்லை, அந்த இருவரின் வழக்குச் செலவையும் நாட்டின் பணத்திலிருந்தே கொடுக்க முடிவு செய்தது. போரில் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடமை என்று சொல்வது எளிது. கடமையைச் செய்தவனுக்கு வக்கீல் பீஸ் கொடுப்பதுதான் உண்மையான மரியாதை.

தனித் தாளில் எழுதிய பெயர்

இனி இந்தியாவுக்கு வருவோம். 2002-ம் ஆண்டு நவம்பர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பணியாற்றிய சத்யேந்திர துபே என்ற இளம் இஞ்சினீயர் பிரதம மந்திரியின் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், பீகார்-ஜார்க்கண்டு பகுதியில் வேலை பார்த்தவர். பெரிய கண்ட்ராக்டர்கள் எடுத்த வேலை, தகுதியில்லாத சில்லறைக் கண்ட்ராக்டர்களின் கைக்குப் போகிறது, சாலையின் தரம் கெடுகிறது என்று விவரமாக எழுதினார்.

கடிதத்தில் அவர் பெயர் போடவில்லை. பெயரில்லாக் கடிதத்தை மதிக்கமாட்டார்களே என்பதற்காகத் தம்மைப் பற்றிய விவரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்தார். இரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். இதைவிட முன்யோசனையோடு ஒரு மனிதர் என்ன செய்யமுடியும்?

அந்தத் தனித் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே இலாகா இலாகாவாகப் பயணம் செய்தது. யார் எழுதியது என்பது அவருடைய ஆணையத்துக்கே தெரிந்துவிட்டது.

2003-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி விடியற்காலை. வாரணாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் கயாவில் வந்து இறங்கியவர், ரிக்ஷாவில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டு இறந்தார். கொள்ளையடிக்க வந்தவர்களின் செயல் இது என்று மத்தியப் புலனாய்வு இலாகா முடிவு கட்டியது. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடிதத்துக்கும் குண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்பது கோர்ட்டு சொல்லவேண்டிய விஷயம். ஆனால் இரகசியமாக வைக்கும்படி கேட்ட பெயர் இரகசியமாக வைக்கப்படவில்லை என்பதற்குக் கோர்ட்டு எதற்கு? அந்த நம்பிக்கைத் துரோகத்தைச் செய்தது கொள்ளைக்காரன் அல்ல. அது சர்க்கார் மேஜைகளில் நடந்தது.

உறங்கும் சட்டம்

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வயிறு எரியும். முறைகேட்டை வெளியிடுவோரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் தன் 179-வது அறிக்கையில் சொன்னது 2001-ல். துபே கடிதம் எழுதியது 2002-ல். இறந்தது 2003-ல். நாடெங்கும் கொதிப்பு எழுந்து, விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போன பிறகு சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டது 2004 ஏப்ரலில். அதன்படி இத்தகைய புகார்களை வாங்கிக்கொண்டு, பெயரைக் காக்கும் பொறுப்பு மத்திய விஜிலென்ஸ் கமிஷனுக்கு வந்தது. 2005 நவம்பரில், கலப்படம் செய்த பெட்ரோல் பங்கின்மீது நடவடிக்கை எடுத்த மஞ்சுநாத் சண்முகம் என்ற இந்தியன் ஆயில் அதிகாரி உத்தரப்பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை 2015-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

சட்டம்? லோக்சபையில் 2011 டிசம்பரில் நிறைவேறியது. ராஜ்யசபையில் 2014 பிப்ரவரியில் நிறைவேறியது. 2014 மே 9-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்திட்டார். கமிஷன் சிபாரிசு செய்து பதின்மூன்றாவது ஆண்டில் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த குழந்தை கண் திறக்கவேண்டாமா? சட்டம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று சர்க்கார் அறிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பு வரவில்லை. 2015-ல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். பத்து வகையான தகவல்களைப் புகாரில் சொல்லக்கூடாது என்று அது வேலி போட்டது. லோக்சபையில் நிறைவேறி, ராஜ்யசபையில் கிடந்து, 2019-ல் லோக்சபை கலைந்ததும் காலாவதி ஆயிற்று. கையெழுத்தாகிப் பத்தாண்டு முடிந்த 2024-லும் மூலச் சட்டம் அமலுக்கு வராமலே கிடந்தது.

அந்தச் சட்டத்தில் நல்ல ஷரத்துகள் இருக்கின்றன. புகார் செய்தவரின் பெயரை வெளியிடுகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இலாகாவின் தலையில். குறைகளும் இருக்கின்றன. பழிவாங்குவது என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. மாற்றலா, உயர்வை நிறுத்துவதா, வேலையே கொடுக்காமல் நாற்காலியில் உட்கார வைப்பதா? சொல்லவில்லை. தனியார் கம்பெனி ஊழியர்களை அது தொடவில்லை. பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகள் புகார் சொல்ல ஒரு வழி வைக்கவேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வழி கம்பெனிக்குள்ளேயே தொடங்கிக் கம்பெனிக்குள்ளேயே முடிகிறது.

ஆகவே மிஞ்சியிருப்பது 2004-ம் ஆண்டுத் தீர்மானம். மத்திய சர்க்கார் ஊழியர்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய புகார்களுக்கு மட்டும் அது பயன்படும். மூடிய உறையின்மேல் பொது நலனுக்கான புகார் என்று குறித்து, உறையின்மேல் பெயர் எழுதாமல், உள்ளே கடிதத்தில் பெயரும் விலாசமும் எழுதி மத்திய விஜிலென்ஸ் கமிஷனுக்கு அனுப்பவேண்டும். பெயர் வெளியாகிவிடக்கூடாது என்பதற்காகக் கமிஷன் பதில் ரசீதுகூட அனுப்புவதில்லை. இது தெரிந்துகொள்ளவேண்டிய வழிதான். ஆனால் மாநில சர்க்கார் குமாஸ்தாவுக்கு இந்தக் கதவும் இல்லை.

மொட்டைக் கடிதம் பெருகாதா?

ஓர் ஆட்சேபம் உண்டு. இப்படிப் பாதுகாப்புக் கொடுத்தால், வேலை செய்யாதவனும் விரோதம் உள்ளவனும் மேலதிகாரிமேல் புகார் எழுதிவிட்டு, "என்னைத் தொடாதே" என்று உட்கார்ந்துகொள்ளமாட்டானா? நேர்மையான அதிகாரியின் மானம் என்ன ஆவது?

நியாயமான கேள்விதான். மொட்டைக் கடிதத்தால் கண்ணீர் விட்ட அதிகாரிகள் உண்டு. தெரிந்தே பொய் சொல்பவனுக்குத் தண்டனை வேண்டும். 2014-ம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் தெரிந்து சொன்ன பொய் வேறு. நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு வேறு. கணக்கில் ஓட்டை இருப்பதுபோல் தெரிந்தது, விசாரித்தால் இல்லை என்று ஆயிற்று. அவனைத் தண்டித்தால், அடுத்த ஓட்டையை எவன் சொல்வான்?

ஆட்சேபிக்கிறவர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மொட்டைக் கடிதம் ஏன் பிறக்கிறது? கையெழுத்துப் போட்டால் ஆபத்து என்பதால் பிறக்கிறது. கையெழுத்துப் போட்டவனைக் காப்பாற்றத் தெரியாத நாட்டில் மொட்டைக் கடிதம்தான் பெருகும். துபே பெயரைக் கொடுத்தார். பெயரைக் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் பெயர் போட்டு எழுது என்றால் எவன் எழுதுவான்?

வேண்டியது நான்கு

முதலாவது, இருக்கும் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவருவது. இதற்குப் புதிய மசோதா வேண்டாம், பணமும் வேண்டாம், ஒரு தேதி போதும்.

இரண்டாவது, பழிவாங்குதலின் வகைகளைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதுவது. மாற்றல், மெமோ, உயர்வை நிறுத்துதல், வேலை கொடுக்காமை என்று பட்டியல் இருந்தால்தான் சாமான்யன் தன் கஷ்டத்தை அதில் கண்டுபிடிப்பான்.

மூன்றாவது, வழக்கு முடியும்வரை சம்பளம். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைக்கும் நீதி சோறு போடாது.

நான்காவது, தனியார் காரியாலயங்களுக்கும் பாதுகாப்பு. கலப்பட மருந்தைத் தயாரிப்பது சர்க்காரா, கம்பெனியா என்று நோயாளியின் உடம்பு கேட்பதில்லை.

இவையெல்லாம் சட்டசபைகளும் பார்லிமெண்டும் செய்யவேண்டியவை. ஊரார் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். பக்கத்து மேஜையில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தால், மத்தியானம் அவரோடு சேர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். உண்ட வீட்டுக்கு உண்மையாக இருந்தவர் அவர்தான் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.